தட்டில் கிடந்த மரப்பிடி

மாதத்தில் இரண்டு முறையாவது போன் வந்துவிடுகிறது. ரைபிள் கிளப்புகளில் ஆயுதங்களைப் பராமரிக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் யாராவது ஒருவர்தான் பேசுவீர்கள். உடம்பு எப்படி இருக்கிறது, கொடைக்கானலில் குளிரா என்று கேட்டு முடித்ததும் விஷயத்துக்கு வருவீர்கள். "சார், பிஸ்டல டெஸ்ட் பண்ண எந்த ரெஸ்ட் வாங்கலாம்? இரும்பு கிளாம்ப்பா, மணல் பையா?"

நியாயமான கேள்விதான். கை என்று இருந்தால் ஆடத்தான் செய்யும். குண்டு விலகிப் போனால் குற்றம் கையிலா பிஸ்டலிலா என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் மேசை போட்டு, அதன்மேல் எதிலாவது தாங்க வைத்துச் சுட்டுப் பார்க்கிறோம். எதில் தாங்க வைப்பது என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். நான் சொல்வதில்லை. "அப்புறம் கூப்பிடுங்க" என்று வைத்துவிடுவேன். கிழவனுக்குக் கிராக்கி என்று உங்களில் சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். கிராக்கி எல்லாம் இல்லை. அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை தப்பாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அதற்கு வேறொரு ஆள் அவதிப்பட்டாள். அதைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும் போல இருக்கிறது. ஆகவே எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் கிளப்பின் ரேஞ்ச் கொடைக்கானல் ஊரைத் தாண்டி பைன் மரங்களுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே சோதனைக்கு இருந்தது ஒரு மணல் பை. மலையில் மணல் பையை வைத்துக்கொண்டு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் பனிமூட்டம் இறங்கி வந்து மேசையில் உட்கார்ந்துகொள்ளும். மணல் ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கல்லாகிவிடும். கல்லின் மேல் வைத்துச் சுட்டால் பிஸ்டல் எகிறிக் குதிக்கும், குண்டு மேலே மேலே போகும்.

சரி என்று ஆடலூரிலிருந்து காப்பித் தொலியை மூட்டை கட்டிக் கொண்டுவந்து நிரப்பினேன். இரண்டாவது குண்டுக்கே தலையணை மாதிரி அமுங்கிப் போனது. பிறகு கேழ்வரகு நிரப்பினேன். அருமையாக உட்கார்ந்தது. எலிகளுக்கும் அது அருமையாக இருந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெம்பர்கள் எல்லோரும் நிற்கும்போது பையைத் தூக்கினேன், தரை முழுக்கக் கேழ்வரகு கொட்டியது. எங்கள் செயலாளர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சிரிக்காமல் கிண்டல் செய்வார். "தங்கராசு, கூழு காச்சிரலாமா? மோர் மொளகா நான் கொண்டாறேன்" என்றார். ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ரோஷத்தில்தான் கிளாம்ப் செய்தேன். கிளப்புக்கு வரும்முன் நான் லேத்தில் வேலை பார்த்தவன். திண்டுக்கல்லில் தெரிந்த பட்டறையில் லீவு போட்டுத் தங்கி, இரும்பில் நானே கடைந்து எடுத்தேன். பிஸ்டலின் மரப்பிடியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் இரும்பு உடலை இரண்டு ரப்பர் தாடைகளுக்கு நடுவே இறுக்கிவிட வேண்டும். சுட்டதும் கை மாதிரியே பின்னால் எழும்பி, மறுபடி மயிரிழை பிசகாமல் பழைய இடத்துக்கே வந்து உட்காரும். ஈரமும் இல்லை, எலியும் இல்லை. மேசையில் அதை முடுக்கி வைத்த அன்று நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். வெளியூர் கிளப்புகளிலிருந்து வந்து போட்டோ எடுத்துப் போனார்கள். மனிதக் கையின் தயவு இல்லாமல் பிஸ்டலின் யோக்கியதையைச் சொல்லும் இயந்திரம் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்தத் தற்பெருமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

இனி ஸ்டெல்லா. ஊர் கிளாவரை. அப்பா அம்மா கேரட்டும் பூண்டும் போடுகிறவர்கள். இவள் நாயுடுபுரத்தில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் வேலை பார்த்தாள். வாரம் ஒருநாள் லீவு, அந்த நாள் முழுக்க ரேஞ்சில்தான் இருப்பாள். பேச்சு குறைவு. நின்றால் அசையமாட்டாள். குளிரில் மற்றவர்கள் கையை ஊதிக்கொண்டிருக்கும்போது இவள் பாட்டுக்குக் கையை நீட்டி, பத்தும் ஒன்பதுமாக வைத்துக்கொண்டே போவாள். கிளப்பிடம் நல்ல பிஸ்டல் ஒன்றே ஒன்று உண்டு, அழகான மரப்பிடி போட்டது. மாநிலப் போட்டிக்கு யார் போகிறார்களோ அவர்கள் கையில்தான் அதைக் கொடுப்பது வழக்கம். அந்த வருடம் போகப்போவது ஸ்டெல்லா என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஆனால் அதற்கு முன் கீழே, சமவெளியில் அதே பிஸ்டலோடு போன இரண்டு போட்டிகளிலும் அவள் கெடுத்துக்கொண்டாள். மலையில் தங்கமாகச் சுடுகிறவள், கீழே போனதும் முதல் சுற்று முடிவதற்குள் சிதறினாள். குண்டெல்லாம் இடது பக்கம் கீழே ஒதுங்கியது. கீழே போட்டி என்றால் பயந்துவிடுகிறாள், பதற்றத்தில் விசையை வெடுக்கென்று இழுக்கிறாள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அந்த இரண்டு போட்டிக்கும் நான் போகவில்லை. செயலாளர்தான் இரண்டு நாள் முன்னதாகவே கூட்டிப் போனார்.

இரண்டாவது போட்டி முடிந்து திரும்பிய மறுநாள் ஸ்டெல்லா ஆயுத அறைக்கு வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கீழ போனா அந்த பிஸ்டல் கைக்குள்ள நடக்குதுண்ணே."

"நடக்குதுன்னா?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. புடிச்சிருக்கேன், புடி அங்கனயேதான் இருக்கு, ஆனா துப்பாக்கி நடக்குது."

அன்று காலையில்தான் அதன் பிடியைச் சோதித்திருந்தேன். திருகு கல் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னேன். "துப்பாக்கி எல்லாம் நடக்காது ஸ்டெல்லா. கைதான் நடக்கும்."

பக்கத்தில் நின்ற இரண்டு மெம்பர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஸ்டெல்லாவும் லேசாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். வேடிக்கையாகப் பேசியதாகத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். மாநிலப் போட்டிக்கு யாரை அனுப்புவது என்று ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது, அதற்குள் அந்தப் பிஸ்டலைச் சோதித்து எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றார்.

"குத்தம் பிஸ்டல்லயா, அந்தப் பிள்ளை கிட்டயா? எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும் தங்கராசு. பிள்ளைக்கு அநியாயம் பண்ணீரக் கூடாது."

அவர் கேட்ட கேள்வியைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் கவனிக்கவில்லை. நேரே போய் மரப்பிடியைக் கழற்றி, உதிரிகள் போட்டு வைக்கும் தகரத் தட்டில் வைத்தேன். பிஸ்டலை என் கிளாம்பில் மாட்டினேன். பத்துக் குண்டு. இருபத்தைந்து மீட்டரில் பத்தும் சேர்ந்து ஒரு சட்டைப் பொத்தான் அகலத்துக்குத்தான் ஓட்டை போட்டிருந்தது. மனம் குளிர்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், பிஸ்டலை நினைத்துக்கூட இல்லை, கிளாம்பை நினைத்துத்தான் குளிர்ந்தது. மரப்பிடியைத் திரும்ப மாட்டிவிட்டு, கிளப் தாளில் "பிஸ்டலில் குறை ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கூடவே அந்த டார்கெட் பேப்பரையும் பின் குத்திக் கொடுத்தேன்.

கமிட்டியில் வேறு பேச்சே எழவில்லை. பிரான்சிஸை அனுப்புவது என்று முடிவானது. ஊரில் ஹோம்ஸ்டே நடத்துகிறவன், நல்ல பையன், ஸ்டெல்லாவின் வயதுதான், சுடுவதில் அவளுக்கு ஒரு படி கீழே. ஸ்டெல்லா மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் வந்து தன் லாக்கர் சாவியை என் மேசையில் வைத்தாள்.

"ஏம்மா, அடுத்த வருஷம் இருக்குல்ல?"

"இருக்கட்டும்ணே. சீசன் வருது, ஹோட்டல்ல லீவு கெடைக்காது."

அத்தோடு ரேஞ்சுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

இரண்டு மாதம் போனது. மாநிலப் போட்டி கீழேதான் என்பதால் பிரான்சிஸுக்கு வெயில் பழக வேண்டும் என்று, சமவெளியில் தெரிந்த ஒரு ரேஞ்சில் மூன்று நாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். பிஸ்டலுக்குத் துணையாக இந்த முறை நானே போனேன். முதல் நாள் பழுதில்லாமல் போனது. இரண்டாம் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. தகரக் கொட்டகைக்குள் அடுப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள், புதன்கிழமை, பதினோரு மணி இருக்கும். பிரான்சிஸ் சுட்டதெல்லாம் இடது பக்கம் கீழே ஒதுங்க ஆரம்பித்தது. பிஸ்டலை இறக்கி வைத்துவிட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னண்ணே இது, கைக்குள்ள நடக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. அதே சொல். ஸ்டெல்லாவிடமிருந்து கேட்டுச் சொல்ல அவன் அன்று என் அறையில் இருக்கவும் இல்லை.

பிஸ்டலை வாங்கிக் குண்டை எடுத்துவிட்டு, பிடியை இரண்டு கையாலும் பற்றித் திருகிப் பார்த்தேன். மரம் லேசாக அசைந்தது. பிடியைக் கழற்றி வெயிலில் காட்டினேன். திருகு உட்காரும் குழியிலிருந்து உள்பக்கமாக ஒரு கீறல், தலைமுடி நுழையும் அளவுக்கு வாயைத் திறந்திருந்தது. மலையில் மூட்டத்தைக் குடித்து மரம் உப்பியிருக்கும்போது அந்தக் கீறல் மூடிக்கொண்டு, பிடி கல் மாதிரி இருக்கும். கீழே இரண்டு நாள் காய்ந்ததும் திறந்துகொள்ளும். ஊர் திரும்பினால் மறுநாள் காலை மறுபடி மூடிக்கொள்ளும். நான் சோதித்ததெல்லாம் மலையில்தான். அதுகூடப் பரவாயில்லை. எந்தக் குறையைக் கண்டுபிடிக்கச் சொன்னார்களோ அந்தக் குறையை நானே கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் கிளாம்பில் மாட்டிச் சுட்டிருக்கிறேன். அது என் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது.

"என்னாச்சுண்ணே, ஸ்க்ரூ லூஸா?" என்றான் பிரான்சிஸ்.

"ஆமா, ஸ்க்ரூதான்" என்றேன். பயிற்சியை நிறுத்தி, பெட்டியைப் பூட்டினேன்.

மலைப்பாதையில் ஜீப் ஏறும்போது பிரான்சிஸ் தூங்கிவிட்டான். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். நான் யோசித்ததை மறைக்காமல் சொல்கிறேன், உங்களில் ஒருவருக்காவது இதே யோசனை ஒருநாள் வரும். கீறலில் பசை விட்டு, குழிக்கு ஒரு பித்தளைப் பூண் போட்டால் ஒரு மணி நேர வேலை. பிரான்சிஸ் நன்றாகச் சுடுவான். கிளப்புக்குப் பெயர் வரும். நான் எழுதிய தாளை யாரும் திரும்பி எடுத்துப் பார்க்கப் போவதில்லை. ஸ்டெல்லாவோ வருவதையே நிறுத்திவிட்டாள். யாருக்கு என்ன நஷ்டம்? பெருமாள்மலை வரும்வரை அந்தக் கணக்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது. அங்கே மூட்டத்துக்குள் ஜீப் நுழைந்து குளிர் முகத்தில் அடித்தபோது, வாசலில் நின்று "தப்பா நெனைக்காதீங்க" என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. தப்பாக நினைத்ததோடு நிற்காமல் அதை எழுதியும் கொடுத்தவன் நான். வெட்கமாக இருந்தது.

அப்போதே செயலாளருக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. மறுநாள் காலை பெட்டியைத் திறந்தேன். நினைத்தது போலவே கீறல் மூடியிருந்தது. இதைக் காட்டினால் யார் நம்புவார்கள், முதலில் ஆதாரத்தைத் தயார் செய்வோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆதாரம் தேவைதான், அது பொய்யில்லை. ஆனால் போனை எடுக்காததற்குக் காரணம் பயம். இருபது வருடமாக என் கையெழுத்தை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

நாயுடுபுரத்தில் பேக்கரி வைத்திருக்கும் நண்பரிடம் போய், மரப்பிடியை மட்டும் அவருடைய அடுப்பின் மேல்தட்டில் வைக்க இடம் கேட்டேன். பிஸ்டல் கிளப்பில் பூட்டிய அலமாரியிலேயே இருந்தது. "இது எப்ப வேகும்?" என்று கேட்டார் அவர். சனிக்கிழமை மாலை போய் எடுத்தபோது கீறல், கீழே பார்த்த அளவுக்குத் திறந்திருந்தது. துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படாமல் பேசியதுதான் கஷ்டமாக இருந்தது.

"அடுப்புல வச்சா எந்தக் கட்டையும்தான் வெடிக்கும் தங்கராசு. இதுனாலதான் அந்தப் பிள்ளை கோட்டை விட்டுச்சுன்னு எப்படிச் சொல்லுவீக?"

"அவ சுட்ட டார்கெட் பேப்பர் ரெண்டும் உங்க பைல்ல கெடக்குமே சார். நாளைக்கி இந்தப் பிடியை மாட்டிச் சுட்டுப் பாப்போம். ரெண்டும் ஒண்ணுபோல விழுந்தா ஒத்துக்குவீங்களா?"

"எதுல வச்சுச் சுடுவீக? உங்க கிளாம்ப்லயா?"

இந்த இடத்தில்தான் அந்த ரெஸ்ட் கேள்வி எனக்கு முதன்முதலாகக் கேள்வியாகப் பட்டது. கிளாம்ப் உதவாது, அதில் பிடிக்கே இடமில்லை. பிஸ்டலை மணல் பையின் மேல் உட்கார வைத்தாலும் உதவாது. பிடியின் அடிப்பாகம் பையில் அழுந்தினால் அசைகிற மரத்தைப் பை தாங்கிக்கொள்ளும், குறை மறுபடி ஒளிந்துகொள்ளும். பிஸ்டல் எதன் மேலும் படக் கூடாது. பிடி ஒரு கைக்குள், வெறும் கைக்குள் இருக்க வேண்டும். அந்தக் கையின் ஆட்டத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும். ஆக, பை முன்கைக்கு அடியில், மணிக்கட்டு பையைத் தாண்டி வெளியே. இத்தனை வருடமாக எந்தக் கையை வழியிலிருந்து அகற்றப் பாடுபட்டேனோ, அதே கையைத் திரும்ப மேசைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஈரமில்லாத மணலுக்கு எங்கே போவது? ஏரிக்கரையில் கடலை வறுக்கிறவரிடம் போய் அவர் வாணலி மணலில் இரண்டு படி வாங்கினேன். அதைவிடக் காய்ந்த மணல் இந்த மலையில் கிடையாது. பூண்டுச் சாக்கைச் சின்னதாகத் தைத்து அதில் நிரப்பி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டினேன்.

பிறகு ஸ்டெல்லா வேலை பார்க்கும் ஹோட்டலுக்கு நடந்தேன். அவள் ஒரு குடும்பத்துக்கு அறைச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போகும்வரை நின்றேன். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்கண்ணே. ரூம் யாருக்கு வேணும்?"

"ரூம் இல்லம்மா. நாளைக்கிக் காலைல வெள்ளனே ரேஞ்சுக்கு வரணும். பத்துக் குண்டு சுடணும்."

"நான் அதெல்லாம் விட்டுட்டேண்ணே."

"பிஸ்டல்ல குறை இருக்கு ஸ்டெல்லா. நான் தப்பா எழுதிக் குடுத்துட்டேன்."

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். "ஏழு மணிக்கு வாறேன். ஒம்போதுக்கு டூட்டி" என்றாள்.

ஞாயிறு காலை ரேஞ்சில் நாங்கள் நாலு பேர்தான். செயலாளர், பிரான்சிஸ், ஸ்டெல்லா, நான். பிரான்சிஸிடம் முந்தின நாளே எல்லாம் சொல்லிவிட்டிருந்தேன். முகம் வாடித்தான் போனான், ஆனாலும் வந்தான். இரவு முழுக்க மரப்பிடியைத் திரும்பப் பேக்கரி அடுப்பின் மேலேயே வைத்திருந்து விடியற்காலையில்தான் எடுத்து வந்திருந்தேன். மரம் மறுபடி ஈரம் குடிப்பதற்குள் வேலையை முடிக்க வேண்டும். பிடியை எல்லோர் கண் முன்னாலும் மாட்டினேன். ஸ்டெல்லா உட்கார்ந்து பைமேல் கையை வைத்தாள். இரண்டு மாதமாகத் துப்பாக்கியைத் தொடாத கை. பத்துக் குண்டு சுட்டாள். செயலாளர் பேப்பரைக் கழற்றி வந்து பழைய இரண்டு பேப்பர்களுக்குப் பக்கத்தில் விரித்தார். சிதறல் அதைவிடச் சின்னதுதான், ஆனால் அதே இடது பக்கம், அதே கீழ்ப்பக்கம். அடுத்துப் பிரான்சிஸ் சுட்டான். அவனுக்கும் அப்படியே.

அப்புறம் பிடியைக் கழற்றி, விசிட்டிங் கார்டு ஒன்றை மடித்து ஆப்பு வைத்து இறுக்கினேன். மறுபடி ஸ்டெல்லா. பத்துக் குண்டும் நடுவில். சட்டைப் பொத்தான் இல்லை, ஒரு அஞ்சு ரூபாய்க் காசு என்று வையுங்கள். கையால் சுட்ட காசு அது.

செயலாளர் பேப்பர்களை அடுக்கிப் பைலில் வைத்தார். பிறகு நான் கையெழுத்துப் போட்ட பழைய தாளை பைலிலிருந்து எடுத்து மேசையில் வைத்துப் பேனாவை நீட்டினார். அந்த வரிக்குக் கீழேயே எழுதினேன். சோதனை முறை தவறு, குறை மரப்பிடியில் இருந்தது, சுட்டவர் மீது குறை இல்லை.

பிரான்சிஸ், "சார், சீட்டு ஸ்டெல்லாவுக்குப் போகட்டும். அதுதானே நாயம்" என்றான்.

செயலாளர் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "பேரு அனுப்ப வெள்ளிக்கெழம கடைசி நாளு. மெயில் போயிருச்சு. வியாழக்கெழம நீங்க ஒரு போன் போட்டிருந்தா நிறுத்தி வச்சிருப்பேனே தங்கராசு."

 ஆதாரம், ஆதாரம் என்று நான் பேக்கரிக்கும் ரேஞ்சுக்கும் நடந்துகொண்டிருந்த அந்த இரண்டு நாளில் அவளுடைய வருடம் போய்விட்டது. திங்கட்கிழமை செயலாளர் பேசிப் பார்த்தார், பெயரை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பூண் போட்ட பிடியுடன் பிரான்சிஸ்தான் போனான். ஸ்டெல்லா அடுத்த வருடம் போனாள். ஏழாவதாக வந்தாள். மெடல் எதுவும் இல்லை. நான் ஓய்வு பெறும்வரை எந்தச் சோதனைத் தாளிலும், சோதனையின்போது கூட இருந்தவர் என்று ஒரு வரி சேர்த்து, அந்தப் பிஸ்டலைச் சுடுகிறவரிடம் கையெழுத்து வாங்கினேன். இப்போது போன் செய்கிற உங்களுக்கு என் பதிலும் இதுதான். பிஸ்டலின் குழாயைப் பற்றித் தெரிய வேண்டுமானால் கிளாம்ப் வாங்குங்கள். ஒருவர் கையில் அந்தப் பிஸ்டல் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பையைத் தையுங்கள், வறுத்த மணல் போடுங்கள். எதுவானாலும் முதலில் அந்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு அப்புறம் திருகைத் தொடுங்கள்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

மற்ற இருவரும் மேலே ஏறிப் போன பிறகு, ஸ்டெல்லா மேசையில் கிடந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டூட்டிக்கு நேரமாகிறது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நானும் பொறுக்கினேன். கடைசியில் எனக்கே பொறுக்க முடியாமல், "அந்தத் தாளு எழுதுனதுக்கு என்னைய மன்னிச்சிரும்மா" என்றேன்.

"தாள விடுங்கண்ணே" என்றாள். "அதுல எம் பேரே இல்லல்ல. பிஸ்டல் நல்லாருக்குன்னுதான எழுதினீங்க."

"பின்ன?"

"கைதான் நடக்கும்னு சொன்னீங்க பாருங்க." தோட்டாக்களை டப்பாவில் போட்டு மூடினாள். "ரெண்டு மாசமா ரிசப்ஷன்ல யாருக்குச் சாவி எடுத்துக் குடுத்தாலும், அவங்க மொகத்தப் பாக்கல நான். எங் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், நடுங்குதான்னு."

சொல்லிவிட்டு டப்பாவை என்னிடம் நீட்டினாள். அப்போதும் அவள் கண் கையின் மேல்தான் இருந்தது. நானும் பார்த்தேன். கை அசையவே இல்லை.